துணைக்கு ஒருவர்

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்கு ஒரு சொட்டு இளஞ்சிவப்பு நீர்,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.
மேல்வரிசைகளுக்கு வைரஸ் மட்டும்.
கீழ்வரிசைகளுக்கு வைரஸும்
ஆடாதொடைச் சாறும்.
மூன்றாம் நாள் காலை
மேலே எல்லாம் செத்துக் கிடந்தன.
கீழே பாதிக்கு மேல் உயிரோடு.

காரைக்குடி வெயிலில் வெளியே வந்து
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
சாத்தையாவிடம் சொன்னேன்.

கண்டனூர்ப் பக்கம் ஊருணிக் கரையில்
ஆடு முகர்ந்துவிட்டு விலகிப்போகும் புதரில்
இலை பறித்து, சிமெண்டுச் சாக்கில் கட்டி
டிவிஎஸ்ஸில் கொண்டுவருகிறவர் அவர்.
எங்கள் படிவத்தில் ‘பறித்தவர்’ என்ற கட்டத்தில்
நான்கு வருடமாக அவர் கையெழுத்துதான்.

“அப்ப மருந்து கெடச்சிருச்சு.”
“அவசரப்படாதீங்க” என்றேன்.
அதற்குள் செய்தி டீக்கடை தாண்டியிருந்தது.

மார்கழியில் அவருக்கே வந்தது.
முதலில் தும்மல், பிறகு காய்ச்சல்,
ஆறாம் நாள் வாசற்படி மூன்றும் மலையாகிவிட்டன.
பொன்னழகு போன் செய்தபோது
விரலில் மாட்டிய கருவி எண்பத்தேழு காட்டியது.
“நாலு நாளா ஆடாதொடைக் கசாயந்தான் குடிக்கிறாக.
ஆஸ்பத்திரி வேணாங்கிறாக.
மேடமே கண்டுபுடிச்சதுங்கிறாக.”

நான் சொன்ன ஒரு வாக்கியம்
நான் சொல்லாத இன்னொன்றாகி
அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது.

ஆட்டோவில் அவர் தலை பொன்னழகு மடியில்.
வேறெதுவும் செய்யத் தெரியாமல்
நான் கணக்குப் போட்டேன்:
குழியில் இருந்த அளவு
ரத்தத்தில் ஏறவேண்டுமென்றால்
ஒரு வேளைக்கு எத்தனை சாக்கு இலை?
மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் ஊருணிக் கரை மொட்டையானது.
அதுவும் வெறும் கணக்குத்தான்.
குழிக்குக் குடல் இல்லை, ஈரல் இல்லை,
தலை சாய்க்க மடி இல்லை.

டாக்டர் பரக்கத் நிஷா
முதலில் ஆக்சிஜன் போட்டார்.
பிறகு ஊசி, படம், ரத்தப் பரிசோதனை.
கடைசியாகத்தான் என்ன குடித்தார் என்று கேட்டார்.
திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை;
எழுதிக்கொண்டார், இலையின் பெயரையும்.

ஐந்தாம் நாள் சாத்தையா
சைகையால் ஃபிளாஸ்க்கைக் கேட்டார்.
டாக்டர் மாத்திரைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து,
“கொஞ்சமா குடிக்கட்டும்.
சளி இளகினா, தொண்டைக்கு இதமா இருந்தா நல்லது.
துணைக்கு இருக்கட்டும். பதிலுக்கு வேண்டாம்.”

சுவரில் பலகை:
நோயாளியுடன் துணைக்கு ஒருவர் மட்டும்.
அந்த ஒருவர் பொன்னழகு.
தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.
உதட்டை ஈரத்துணியால் ஒற்றினாள்.
ஆக்சிஜன் புட்டியில் குமிழி நிற்கிறதா என்று
ராத்திரி முழுக்கப் பார்த்தாள்.
கேஸ் ஷீட்டில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது.
இவளால்தான் பிழைத்தார் என்று யாரும் எழுதமாட்டார்கள்.
இவள் இல்லாமல் அந்த இரவுகளை
நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தொண்ணூற்றைந்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
“எதுங்க மேடம் காப்பாத்துச்சு?”
“ஆக்சிஜன். ஊசி. உங்க உடம்பு.”
“நம்ம எலை?”
இருமல் வந்து அவரே பேச்சை மாற்றிவிட்டார்.
எனக்கு நிம்மதி, வெட்கமும்.

தை பிறந்து
பதினெட்டாம் தொகுதிக்கு நானே இலை பறிக்கப் போனேன்.
விரல் கசந்தது, தண்ணீர் குடித்தபோது தண்ணீரும்.
படிவத்தில் முதல்முறை
என் கையெழுத்து.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர்
சாக்கைப் பார்த்துவிட்டார்.
“மருந்து வந்துருச்சாமே மேடம்?”
இல்லை என்றேன்.
“அப்ப சும்மாவா?”
சும்மாவும் இல்லை என்றேன்.
மருந்துக்கும் சும்மாவுக்கும் நடுவில்
அவர் கடையில் வேறு சொல் இல்லை.
பெஞ்சில் சாக்கை இறக்கி வைத்தேன்.
ஆஸ்பத்திரிப் பலகையிலிருந்து ஆரம்பித்தேன்.
டீ ஆறி
மேலே ஆடை கட்டியது.
அவர் இன்னொன்று போட்டார்.